தங்க அட்டையும் மாப்பிள்ளை விசாரணையும்

இரண்டாயிரத்து நான்கில் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றபோது, இனி வாசிப்பதற்கு விதிமுறைகளே இருக்காது என்ற கவலை எனக்கு இருந்தது. அந்தக் கவலையைத் தீர்த்து வைத்தது ஒரு கப்பல். சிங்கப்பூரில் வேலையிலிருந்த மகன் என்னையும் மனைவியையும் வரவழைத்து, மூன்று இரவு கடலில் சுற்றிவரும் சொகுசுக் கப்பல் ஒன்றில் ஏற்றிவிட்டான். அறை மேசையில், பழத்தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கையேடு கிடந்தது. திரும்பத் திரும்ப அதே கம்பெனியின் கப்பலில் வருகிறவர்களுக்கு என்ன சலுகை, எந்த நிலைக்கு எது, எது எப்போது காலாவதியாகும் என்று நாற்பது பக்கம்.

மனைவி மேல்தளத்துக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். கடியப்பட்டணம் கடற்கரையில் பிறந்தவளுக்குக் கடலில் பார்க்கப் புதிதாக எதுவும் இல்லை.

"நீங்க வெளிய வரல்லியா?"

"இரு, அடிக்குறிப்பு ஒண்ணு பாக்கி."

"செரிதான். ஆபீஸக் கையோட கொண்டு வந்தாச்சு."

அன்று தொடங்கியதுதான். மகன் வருடத்துக்கு ஒருமுறை எங்களை அழைப்பான். அழைத்தால் ஒரு கப்பலாவது உண்டு. ஐந்தாறு வருடத்தில் மூன்று கம்பெனிகளின் கையேடுகளும் எனக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம். நீள்தாளில் கோடு போட்டு மூன்றையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை தயாரித்தேன். நாகர்கோவிலில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய பெற்றோருக்குக் குறைவில்லை. அந்த அட்டவணையை நகல் எடுக்க வந்தவர்களில் பாதிப் பேர் நான் அதிகாரியாக இருந்த காலத்தில் என்னைக் கண்டு ஒதுங்கிப் போனவர்கள்.

கம்பெனிகளின் பெயரை நான் அட்டவணையில் எழுதவில்லை. இரவுக் கம்பெனி, பயணக் கம்பெனி, செலவுக் கம்பெனி என்றே எழுதினேன். இரவுக் கம்பெனி நாம் கப்பலில் தூங்கும் இரவுகளை எண்ணும். பயணக் கம்பெனிக்கு எத்தனை முறை ஏறினோம் என்பதுதான் எண்ணிக்கை. மூன்று இரவு போனாலும் ஒன்று, முப்பது இரவு போனாலும் ஒன்று. செலவுக் கம்பெனி நாம் கப்பலுக்குள் எவ்வளவு குடிக்கிறோம், எவ்வளவு சூதாடுகிறோம் என்பதைப் பார்த்து மரியாதை செய்யும். அதில் நானும் மனைவியும் எழுபிறப்புக்கும் வெண்கலத்திலேயே கிடப்போம் என்பதால் இரண்டாவது பயணத்தோடு அதைத் தள்ளிவிட்டேன். குறைந்த உழைப்பில் பதவி உயர்வு தரும் இடம் பயணக் கம்பெனி என்று கண்டுபிடித்து, மகனிடம் நீண்ட பயணம் வேண்டாம், குட்டிக் குட்டியாகப் போதும் என்று சொல்லிவிட்டேன். அவன் அதை என் எளிமை என்று நினைத்துக்கொண்டான். ஐந்தாவது குட்டிப் பயணத்தில் எங்களுக்குத் தங்க அட்டை வந்தது.

சலுகைகளைப் பற்றிப் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். வெள்ளிக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு ஊசி. தங்கத்துக்குத் தலைமை மாலுமியோடு ஒரு விருந்து, இரண்டு கோப்பை திராட்சை மது. மனைவி, வீணாகக் கூடாது என்ற ஒரே காரணத்தைச் சொல்லி அவளுடையதையும் என் கோப்பையில் ஊற்றிவிடுவாள். அப்புறம் ஒரு பை நிறையத் துணியை இலவசமாக வெளுத்துத் தருவார்கள். இவள் அழுக்குத் துணியை அந்நியர் கையில் கொடுப்பதாவது என்று குளியலறையில் எல்லாவற்றையும் துவைத்துப் பிழிந்து, ஈரம் போக உலர்த்தி, மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தாள். திரும்பி வந்த துணியை முகர்ந்து பார்த்து, "கொள்ளாம், நல்லாத்தான் வெளுத்திருக்கான்" என்றாள்.

என் அட்டவணை உண்மையாகவே ஒருவருக்குத் தேவைப்பட்டது இரண்டாயிரத்துப் பன்னிரண்டு வாக்கில். மனைவியின் தம்பி, கடியப்பட்டணத்தில் மீன் வாங்கிக் கேரளத்துக்கு லாரி ஏற்றுகிற மொத்த வியாபாரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மகள் நாகர்கோவில் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனை செய்பவள். அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. பையன் மேற்கே ஒரு கடற்கரை ஊர், சமையல் கலை படித்துவிட்டுச் சொகுசுக் கப்பலில் செஃப் வேலை, அடுத்த மாதக் கடைசியில் விடுமுறையில் வருகிறான், வந்ததும் கல்யாணம். அதற்குமுன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று அறிவிக்க வேண்டும்.

மச்சினன் மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். கையெழுத்தில்லாத மொட்டைக் கடிதம். பையன் செஃப் இல்லை, கப்பலில் தட்டு கழுவுகிறவன், மொடாக்குடியன், கப்பலிலேயே ஒரு வெளிநாட்டுக்காரியோடு குடித்தனம் நடத்துகிறான். மூன்று குற்றச்சாட்டு, இரண்டு எழுத்துப்பிழை.

"எந்தப் பயலோ வயித்தெரிச்சல்ல எழுதிப் போட்டிருக்கான்" என்றேன்.

"அது எனக்கும் தெரியும் அத்தான். ஆனா இதுல ஒண்ணு உண்மையா இருந்தா? துபாய்ல உள்ள பையன்னா நம்ம ஆளு பத்துப் பேரு இருக்கான், போன் போட்டா காலையில என்ன சாப்பிட்டான்னு முதற்கொண்டு சொல்லிருவான். கடலுக்க நடுவுல போற கப்பல்ல யாருட்ட போய் விசாரிக்க? விசாரிக்காம ஓலை வாசிக்க விடமாட்டேன். பிள்ளைக்க வாழ்க்கையாக்கும்."

மகள் வாசலில் நின்றுகொண்டு, "அப்பா, இந்தக் கல்யாணம் நின்னா அந்த லெட்டர் எழுதினவனுக்கே என்னக் கெட்டி வையுங்க. அவனுக்குத்தான் என்மேல அவ்வளவு அக்கறை" என்றாள்.

"ஏட்டி, வாய மூடு."

கப்பலின் பெயரைக் கேட்டேன். இரவுக் கம்பெனியின் கப்பல். சிங்கப்பூரிலிருந்து புறப்படுவது. உள்ளே போய் அட்டவணையை எடுத்து வந்தேன். இரவுக் கம்பெனி, தங்க நிலை, சலுகை எண் ஏழு: பயணத்தின்போது கப்பலின் சமையலறையைச் சமையல் தலைவரின் துணையோடு சுற்றிப் பார்க்கலாம். தங்கத்துக்குக் கீழே உள்ள யாரையும் அந்தக் கதவுப் பக்கம் விடமாட்டார்கள்.

ஒரு சிக்கல். இரவுக் கம்பெனியில் எங்கள் கணக்கில் இருந்தது நான்கே இரவு. தங்கம் என்றால் முப்பது வேண்டும். ஆனால் இரவுக் கம்பெனியும் பயணக் கம்பெனியும் ஒரே முதலாளியின் இரண்டு கடைகள். ஒன்றில் உள்ள தகுதியை மற்றொன்றில் ஒருமுறை மட்டும் ஏற்றுக்கொள்ளலாம் என்று முப்பத்தெட்டாம் பக்கத்தில் மிகச் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதை வாசித்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பார்வை, பொருள், இணைப்பு எல்லாம் போட்டு முறைப்படி ஒரு விண்ணப்பம் எழுதி மின்னஞ்சலில் அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது: தங்கமாக ஏற்றுக்கொண்டோம். முப்பத்து நான்கு வருடச் சர்வீஸில் எந்த விண்ணப்பத்துக்கும் நாங்கள் மறுநாள் பதில் போட்டதில்லை. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

மச்சினனிடம் ஒன்றை உறுதியாகச் சொல்லியிருந்தேன்: நாங்கள் வருவது பையனுக்குத் தெரியக் கூடாது. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவது விசாரணை ஆகாது, அது விருந்து.

விசாரணையில் எனக்கு ஒரு முறை உண்டு. வாரிசுச் சான்றோ இருப்பிடச் சான்றோ கேட்டு மனு வந்தால் ஊருக்குள் போய், ஒருவருக்கொருவர் தெரியாமல் மூன்று பேரைத் தனித்தனியாகக் கேட்பேன். மூவரும் ஒன்றையே சொன்னால் 'அக்கம்பக்கத்தில் விசாரித்த வகையில்' என்று தொடங்கி அறிக்கை எழுதிவிடலாம். இந்த வரியில் நான் எழுதிய அறிக்கை எதையும் எந்த நீதிமன்றமும் அசைத்ததில்லை.

சிங்கப்பூரில் மகன் ஏற்பாடு செய்து தந்த நான்கு இரவுப் பயணம். ஏறும் இடத்தில் மனைவியின் கைப்பையை நிறுத்தி வைத்தார்கள். வீட்டில் செய்த பண்டம் எதையும் கப்பலில் ஏற்றக் கூடாது என்று நான் விதி எண்ணோடு சொல்லியிருந்தேன்; அவள் பையனுக்காக ஒரு டப்பா முந்திரிக்கொத்தை ஜெபமாலைக்கு அடியில் வைத்திருந்தாள். காவலுக்கு நின்ற நேபாளிப் பையனிடம் ஒன்றை எடுத்து நீட்டினாள். அவன் தயங்கித் தின்று பார்த்துவிட்டு டப்பாவை மூடித் திருப்பிக் கொடுத்தான். விதிகளைப் பற்றி அவளுக்கு எப்போதும் என்னைவிடத் தெளிவு.

மறுநாள் காலை தங்க அட்டைக்காரர்கள் இருபது பேரைத் தலையில் காகிதத் தொப்பி மாட்டி சமையலறைக்குள் அழைத்துப் போனார்கள். ஆள் இறங்கிக் குளிக்கலாம் போன்ற சூப்புக் கொப்பரைகள், முட்டையை மட்டும் உடைப்பதற்கு ஒரு மேசை, அன்னாசிப் பழத்தில் கிளி செதுக்கும் ஒருவன். மற்றவர்கள் கிளியைப் பார்த்தார்கள். நாங்கள் முகங்களைப் பார்த்தோம். வெள்ளைத் தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக இருநூறு பேர். மச்சினன் தந்திருந்த, கோட்டு சூட்டு போட்டு ஸ்டுடியோவில் எடுத்த மாப்பிள்ளை போட்டோவோடு ஒரு முகமும் ஒத்துவரவில்லை. கடைசியில் சமையல் தலைவரிடமே பெயரைச் சொல்லி, உங்கள் செஃப்களில் இப்படி ஒருவர் உண்டா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, அப்படி யாரும் என் செஃப்களில் இல்லை என்றார்.

மனைவி என் கையைப் பிடித்தாள். "அப்போ லெட்டர்ல உள்ளது உண்மையா?"

"ஒரு சாட்சியை வெச்சு முடிவு பண்ணக் கூடாது" என்றேன். ஆனால் எனக்கும் உள்ளுக்குள் இறங்கித்தான் போயிருந்தது. அந்தப் பெண் எங்கள் மடியில் வளர்ந்தவள்.

அன்று மதியத்துக்குள் மூன்று பேரைத் தனித்தனியாகக் கேட்டேன். அறையைச் சுத்தம் செய்கிறவரிடம், உணவு பரிமாறும் கோவாக்காரரிடம், கீழ்த்தளத்து வரவேற்பு மேசையிலிருந்த பெண்ணிடம். மூவரிடமும் அதே நான்கு கேள்வி. இந்தப் பெயரில் ஓர் ஊழியர் உண்டா? அவர் குடிப்பாரா? வேலைக்கு ஒழுங்காக வருகிறாரா? பெண்கள் விஷயத்தில் எப்படி? அறைக்காரர் பயந்துபோய்த் தெரியாது என்றார். கோவாக்காரர் இன்னொரு தட்டு ஐஸ்கிரீம் கொண்டுவந்து வைத்தார். வரவேற்புப் பெண் மட்டும் நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு கேள்வியையும் கணினியில் தட்டிக்கொண்டாள். என்ன பொறுப்பான பெண் என்று மனைவியிடம் மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலை அறைக்குத் தொலைபேசி வந்தது. கப்பலின் விருந்தோம்பல் மேலாளர் எங்களை உடனே பார்க்க விரும்புகிறார்.

மேலாளர் வெள்ளைச் சீருடையில் தோள்பட்டைக் கோடுகளோடு ஒரு துருக்கிக்காரப் பெண்மணி. அவருக்கு எதிரே, கஞ்சி போட்ட சட்டையில், முகம் வெளிறிப்போய் நின்றுகொண்டிருந்தான் போட்டோவில் பார்த்த பையன். பெண்ணின் அத்தை என்று போட்டோவில் பார்த்திருந்த மனைவியை நேரில் கண்டதும் அவன் கண் இன்னும் பெரிதாயிற்று.

மேலாளர் மிகவும் தணிந்த குரலில் பேசினார். உங்களுக்கு நேர்ந்ததற்கு முதலில் வருந்துகிறேன். இந்த ஊழியரின் குடியைப் பற்றியும் பெண்களிடம் நடந்துகொள்வதைப் பற்றியும் நீங்கள் மூன்று இடத்தில் தெரிவித்திருப்பதாக மூன்று பிரிவிலிருந்தும் எழுத்துமூலம் வந்திருக்கிறது. இவன் உங்களை என்ன செய்தான் என்று அச்சமில்லாமல் சொல்லலாம். அதுவரை இவனுடைய அடுத்த ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

எனக்கு அப்போதுதான் சலுகை எண் பதினொன்று நினைவுக்கு வந்தது. தங்க நிலைப் பயணியின் புகார் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மேலாளரின் பார்வைக்கு வைக்கப்படும். அட்டவணையில் அதன் பக்கத்தில் நட்சத்திரம் போட்டு வைத்திருந்தவன் நான்தான்.

சரியான ஆங்கில வாக்கியம் ஒன்றை நான் மனத்துக்குள் கட்டிக்கொண்டிருந்தபோது மனைவி முந்திக்கொண்டாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "மேரேஜ்" என்று பையனைக் காட்டினாள். "மை பிரதர் டாட்டர். திஸ் பாய். வீ ஒன்லி ஆஸ்கிங். நோ கம்ப்ளெயின்ட். குட் பாய், பேட் பாய், ஆஸ்கிங்."

மேலாளர் ஒரு கணம் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தன் கல்யாணத்துக்குமுன் மாமியார் வீட்டார் தன் பள்ளிக்கூடத்துக்கே ஆள் அனுப்பி விசாரித்தார்கள் என்றார். ஆனால் ஊழியரைப் பற்றிய எந்தத் தகவலையும் பயணிக்குச் சொல்ல விதியில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த அம்மாள்மீது எனக்குப் பெருமதிப்பு வந்தது.

"சொல்ல வேண்டாம். ஆனால் இந்தக் கோப்பை எழுத்துமூலம் முடித்துத் தர வேண்டும். வாயால் முடித்த கோப்பு என்றைக்கிருந்தாலும் எழுந்து வரும்" என்றேன். அங்கேயே உட்கார்ந்து, புகார் ஏதுமில்லை, மேற்படி விசாரணை முற்றிலும் திருமணம் சார்ந்தது என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அவரும் முடிந்தது என்று எழுதி, ஒப்பந்த நிறுத்தத்தை ரத்து செய்து, எனக்கு ஒரு பிரதியும் தந்தார். பிறகு பையனிடம், அரை மணி நேரம் தருகிறேன், உன் வேலையிடத்தை இவர்களுக்குக் காட்டு என்றார்.

நடைவழியில் வரும்போது பையன் அடக்கமாகச் சொன்னான்: "மாமா, எனக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. நேத்து ராத்திரி முழுக்க நான் யார என்ன செஞ்சேன்னு யோசிச்சே தலை வெடிச்சுப் போச்சு."

சம்பந்தப்பட்டவனையே கேட்பது என் விசாரணை முறையில் இல்லை. அட்டவணையிலும் இல்லை.

சமையலறைக்கு இரண்டு தளம் கீழே, குளிரூட்டிய ஓர் அறை. எஃகு மேசை, நீளக் கத்திகள், பனிக்கட்டிக்குள் மீன். எங்கள் சுற்றுலா அங்கே போகவில்லை. விருந்தாளிகளுக்குக் காட்ட அங்கே கிளி இல்லை.

"இதுதான் மாமி எனக்க இடம். நான் செஃப் இல்ல, மீன் வெட்டுறவன். ஒரு நாளைக்கு நானூறு கிலோ. வீட்டுல செஃப்னு சொல்லிட்டேன். மீன் வாடை வேண்டாம்னு படிக்க வெச்சாவ. கப்பலேறியும் மீன்தான் வெட்டுதேன்னு எப்பிடிச் சொல்ல?"

மனைவி மேசைக்கு அடியிலிருந்த கழிவுத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து, வெட்டிப் போட்ட பெரிய மீன் முள் ஒன்றைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தாள். தலையிலிருந்து வால்வரை திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றையும் எடுத்துப் பார்த்தாள். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு டப்பாவைத் திறந்தாள்.

"இந்தா மக்கா. ரெண்டு தின்னு. மூஞ்சி ஏன் இப்பிடி வாடிக் கெடக்கு?"

ஊர் திரும்பிய மறுநாளே மச்சினன் மகளோடு வந்துவிட்டார். நான் இரண்டு பக்க அறிக்கை தயாரித்திருந்தேன். வாசித்தேன். பையன் செஃப் இல்லை, மீன் வெட்டும் பிரிவு என்ற இடத்தில் அவர் முகம் சுருங்கியது.

"மீன் வெட்டவா அத்தான் கப்பலேறிப் போனான்? நானே பத்துப் பேர வெச்சு வெட்டிக்கிட்டிருக்கேன். அதுலயும் பொய் சொல்லியிருக்கான். அவன் சொன்னது ஒண்ணு பொய்னா லெட்டர்ல உள்ள மத்ததும் உண்மையாத்தானே இருக்கும்? குடிக்கானா இல்லியா, அதச் சொல்லுங்க."

"அது குறித்துத் திட்டவட்டமான சாட்சியம் கிடைக்கவில்லை" என்று அறிக்கையில் இருந்ததையே வாசித்தேன்.

"ஏலே, நான் சொல்லுதேன், கேளு" என்று அடுக்களையிலிருந்து வந்தாள் மனைவி. "அவன் வெட்டிப் போட்ட முள்ள நான் கையில எடுத்துப் பாத்தேன். ரெண்டு எடுத்தேன். தலையில இருந்து வாலு வரைக்கும் ஒரு பொட்டுச் சதை கெடையாது. ராத்திரி முழுக்க வேலை போயிரும்னு பயந்து முழிச்சுக் கெடந்தவன் காலையில வெட்டின மீனாக்கும். குடிக்கவனுக்குக் கை அப்பிடி நிக்குமா? உனக்க பத்துப் பேருல ஒருத்தன் அப்பிடி வெட்டுவானா?"

மச்சினன் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டார்.

"என்ன மீனு?"

"நெய்மீனு."

"ஒரு பொட்டும் இல்லியா?"

"இல்லலே."

"நெய்மீன்ல வயித்துப் பக்கம் கொஞ்சமாவது நிக்குமே எக்கா."

"நிக்கல்ல. அந்தப் பிள்ளைக்கும் நல்ல தாய் தகப்பன்தான். கப்பல்ல குடித்தனம் நடத்தவும் அவனுக்கு எடமில்ல. போற வழியில அவன் படுக்கிற மேல்கட்டிலக் கதவு வழியாப் பாத்தேன், திரும்பிப் படுத்தா கூரையில மூக்கு இடிக்கும்."

"அவரு செஃப் இல்லன்னு எனக்கு ஆறு மாசமாத் தெரியும்" என்றாள் மகள். "மொத நாளே போன்ல சொல்லிட்டாரு. உங்க அப்பாட்ட சொல்ல வெக்கமா இருக்கு, நீ பைய சொல்லிக்கோன்னாரு."

"பின்ன ஏன்டீ சொல்லல்ல?"

"யாரு கேட்டா? மாமா சிங்கப்பூர் போயி, கப்பலேறி, ஆளாளுக்குப் போய்க் கேட்டாரு. எனக்கிட்ட ஒருத்தரும் கேக்கல்ல."

மூன்று சாட்சிகளைத் தேடிப் போனவனுக்கு, முதல் சாட்சி வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தது தெரியவில்லை. அறிக்கையை மடித்து உள்ளே வைத்தேன்.

அடுத்த ஞாயிறு முதல் ஓலை வாசித்தார்கள். தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று பங்குத்தந்தை சொன்னபோது மச்சினன் எழுந்து நின்று, மொட்டைக் கடிதம் எழுதியவன் எங்காவது இருக்கிறானா என்பதுபோலக் கோயில் முழுவதும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஒருவரும் இருமக்கூட இல்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. சாப்பாட்டுப் பந்தியில் மச்சினன் மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு வருகிற போகிறவர்களிடமெல்லாம், "செஃபெல்லாம் ஆயிரம் பேரு இருப்பான். முள்ளுல சதை நிக்காம வெட்டுறவன் எத்தன பேரு?" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை மறுபடி கப்பலேறிய பிறகு எனக்கு ஒரு படிவம் அனுப்பினான். ஊழியர்களின் உறவினருக்குச் சலுகைக் கட்டணத்தில் பயணம். நிரப்ப உட்கார்ந்தேன். உறவுமுறை என்ற இடத்தில் தாய், தகப்பன், உடன்பிறந்தோர், மனைவி, பிள்ளைகள் என்று ஐந்து கட்டம் மட்டும் இருந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "பெண்டாட்டிக்க அத்தையும் மாமனும் உறவு இல்லியாமா? அப்போ அந்தக் கல்யாணத்த நடத்தி வெச்சது யாராம்?"

ஆறாவதாக ஒரு கட்டம் சேர்க்கக் கோரி, நடந்ததைச் சுருக்கமாக விவரித்து, மேலாளர் கையொப்பமிட்ட கோப்பு முடிப்புப் பிரதியையும் இணைத்து ஒரு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். இந்த முறை மறுநாள் பதில் வரவில்லை. மூன்று வாரமாகப் பரிசீலனையில் இருக்கிறதாம். பரிசீலனை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்பதால், நினைவூட்டுக் கடிதம் ஒன்றையும் தயாராக எழுதி வைத்திருக்கிறேன்.